மேகமேட்டில் ஒரு கூப்பாடு

அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாளில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து நான்கு வயதுப் பொம்பளை, பட்டறை வாசலில் நின்று கைதட்டிக் குதித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரங்குப் பெட்டி அளவு, சாம்பல் நிறம், ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அதற்குள்தான் என் வீட்டுக்காரரின் விடுதலை இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பழைய மினி பஸ். என் வீட்டுக்காரர் தரணீஷ் கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர். ஓரங்கட்டிய ஒரு மினி பஸ்ஸை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் எல்லாம் வைத்து வீட்டுவண்டி ஆக்கிவிட்டார். இப்போது பாதிக் கரூர் அப்படித்தான். க. பரமத்தி பக்கம் வெயில் ஐம்பதைத் தாண்ட ஆரம்பித்த பிறகு, சித்திரை பிறந்தால் வண்டி உள்ளவர்கள் மலை ஏறிவிடுவார்கள். இல்லாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார்கள். நாங்கள் வண்டி இருந்தும் ஏற முடியாதவர்கள்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஊசியைக் கையில் ஏற்றி, ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே அனுப்ப நாலு மணி நேரம். முதலில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அப்புறம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மெஷின் வந்தது. ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். ஆனால் மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்தால், எங்களிடம் இருந்த எட்டு ஈயப் பேட்டரியும் அரை மணியில் மூச்சு வாங்கும். ஆகவே கரண்ட் கம்பியை விட்டு நகர முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. பரமத்தி வெயிலில் இரண்டு டம்ளர்! ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தாகம் எடுக்காத ஊருக்கு அவரை ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

அதனால்தான் அந்த லித்தியம் பேட்டரிப் பெட்டி. பெட்டியை மாட்ட வந்தவள் பள்ளப்பட்டி நௌஷீன். எட்டு ஈயப் பேட்டரியையும் இறக்கிப் போட்டுவிட்டு, அந்த ஒரே பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, நாலு வயரை மாட்டினாள். மெஷினைப் போட்டுக் காட்டினாள். நாலு மணி நேரம் ஓடி முடிந்தும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன்.

"வலிக்குதுங்கக்கா! சித்த இருங்க, சொல்ல வேண்டியது இன்னும் இருக்குது," என்றாள். "இது இழுக்கற இழுப்புல உங்க வண்டி டைனமோ கருகிரும். அதனால அந்த வயரைக் கழட்டிட்டேன். இனி சோலாரு, இல்லாட்டி கரண்ட்டுக் கம்பம். பொறவு, எந்நேரமும் நூறுல வெக்கோணும்னு இல்லீங்ணா. பழசு மாதிரி இல்ல இது. பாதில கெடந்தா அதுக்கு இன்னும் நல்லது."

தரணீஷ் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி. இருபது வருஷமாக ஈயப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, 'இறங்க விட்டால் செத்துப்போகும்' என்று காவல் காத்த மனுஷன். நூறு காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"இன்னொண்ணு, சட்டம்," என்றாள் நௌஷீன். "ஈயத்துக்கு மூளை கெடையாது, ஆரும் அதைக் கேள்வி கேக்க முடியாது. இதுக்கு மூளை இருக்குது. சுத்துப்பட்டுல ஆருக்காச்சும் கரண்ட்டு இல்லாம உசுரு போற நெலமைன்னா, அவங்க பேட்டரி கூப்பாடு போடும். எல்லா வண்டிலயும் மணி அடிக்கும். கால் மணி நேரங் கழிச்சு, எது நெம்ப நெறஞ்சு கெடக்குதோ அதைப் பாத்துப் புடிச்சுக்கும். புடிச்சா நீங்க போயி வயரு மாட்டிக் குடுத்துத்தான் ஆகோணும். பாதிக்குக் கீழ இருந்தா மட்டும் விட்டுரும்."

"ஆருக்குன்னு சொல்லுமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பேரு, ஊரு எல்லாம் காட்டுச்சுங்கக்கா. சனங்க பேரைப் பாத்து, நம்மாளா, இல்லையான்னு யோசிச்சுட்டுத்தான் வண்டிய எடுத்தாங்க. அதுல கூப்பாடு போட்டவங்க செலரு செத்தே போனாங்க. அப்பறம் பேரையே தூக்கிட்டாங்க. இப்ப 'ஓர் உயிர்', எத்தனை கிலோமீட்டரு, அவ்வளவுதான் காட்டும்." அப்புறம் தரணீஷைப் பார்த்தாள். "உங்க மெஷினையும் பதிஞ்சுரட்டுங்களா அண்ணா? பதிஞ்சாத்தான் நீங்க கூப்பாடு போட முடியும்."

"வேண்டாங் கண்ணு," என்றார் தரணீஷ். "ஒம்போது வருசமா அடுத்தவன் கையப் பாத்துக் கெடந்தாச்சு. இனி நாங்க குடுக்கற எடத்துல இருந்துக்கறோம்."

எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது.

மெஷின் போட்டு முடித்த மறுநாள் விடியலில் கிளம்பினோம். ஓட்டினது நான். கொடைக்கானலையும் தாண்டி, மன்னவனூர் பக்கம் மேகமேடு என்று ஓர் இடம்; வீட்டுவண்டிகள் வரிசையாக நிற்கும், கரண்ட் கம்பம் இருக்கும், ஏப்ரலில் போர்வை வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அரவக்குறிச்சி தாண்டுவதற்குள் நான் நாலு பாட்டுப் பாடிவிட்டேன். தரணீஷ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊர்ப் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார், முதல் தடவை பஸ் ஏறின பிள்ளை மாதிரி.

வேடசந்தூர் பக்கம் முதல் மணி அடித்தது. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் மணி நேரத்தில் திரை எங்களைப் பிடித்துக்கொண்டது.

"நம்மளத்தான்! கனி, நம்மளத்தான் கூப்புடுது!" என்று தரணீஷ் எழுந்தே விட்டார். லாட்டரி விழுந்தவர் இப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

ஒரு சின்ன வேன். வெயில் அடித்து மயங்கிக் கிடந்தாள் ஒரு கர்ப்பிணிப் பெண். அவர்களுடைய ஏசி நின்று போயிருந்தது. வயரை மாட்டினோம். ஏசி உறுமிக்கொண்டு ஓட, அந்தப் பெண் கண்ணைத் திறந்து "அம்மா" என்றபோது, அவள் புருஷன் தரணீஷின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் இவர் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. ஊசி போடத்தான் பிடிப்பார்கள்.

"பாத்தியா அம்மிணி? என்ற கரண்ட்டு!" என்று வண்டியில் ஏறின பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் என்ன செய்தார்? ரோட்டோர ஓட்டல் ஒன்றில் வண்டியைப் போடச் சொல்லி, வெயிலில் சோலாரைக் காயவைத்து, நூறு காட்டுகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நூறு ஆனது. கிளம்பினோம். வத்தலக்குண்டில் திரும்பவும் மணி. திரும்பவும் எங்களைத்தான். ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருந்த ஒரு லாரிக்காரர். கொடுத்தோம். திரும்பவும் வெயிலில் நிறுத்தி நூறு. மலை ஏறும்போது மூன்றாவது மணி. 'சுற்றிலும் இத்தனை வண்டி போகிறதே, நம்மையே ஏன் பிடிக்கிறது' என்று எனக்கு லேசாக உறுத்தியது. தரணீஷோ, நமக்கு ராசி அப்படி என்றார். அந்தத் தடவை ஒரு குழந்தைக்கு மூச்சு மெஷின். அதிகமாகவே போயிற்று. மேலே வெயிலும் இல்லை. மேகமேட்டில் கம்பம் இருக்கிறதே என்று நானும் கவலைப்படவில்லை.

மேகமேடு! அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்? வண்டிக் கதவைத் திறந்ததும் மேகம் தானாக உள்ளே வந்தது. தரணீஷ் இறங்கி, வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்றார்.

"என்ன பண்றீங்க மாமா?"

"குடிக்கறேன் கனி! இதுக்குக் கணக்கு கெடையாதல்ல?" உதடு, மீசை, புருவமெல்லாம் ஈரம். "எனக்குத் தாகமே இல்ல. சத்தியமா இல்ல!"

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுவது எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, மூக்கெல்லாம் ஒழுகியது.

பக்கத்து வண்டி உடுமலைப்பேட்டை ஹன்சிகாவுடையது. முப்பது வயசுக்காரி, வாய் ஓயாது. வந்த அரை மணியில் வெங்காய பஜ்ஜித் தட்டோடு வந்து, என்னை அக்கா என்றும் அவரை மாமா என்றும் கூப்பிட்டு ஒட்டிக்கொண்டாள். அவர் உடம்பைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. வந்த இடத்தில் யாரும் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கம்பத்தில் வயரை மாட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அன்று இரவே காற்றடித்து மரங்கள் விழுந்தன. கரண்ட் லைன் அறுந்து கம்பம் செத்துப்போனது. கீழே இறங்கும் ரோடும் அடைபட்டது. விடிந்து பார்த்தால் மேகம், மறுநாளும் மேகம். சோலார் பலகை சும்மா நனைந்துகொண்டு கிடந்தது. எங்கள் பேட்டரி கால் பங்குக்கு வந்துவிட்டது. மெஷின் ஓட வேண்டிய நாள் தாண்டிப் போயிற்று. கால் பங்கை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க முடியாது. பாதியில் நின்றால் அவருடைய ரத்தம் குழாயிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் முகம் ஊதிப்போயிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"மாமா, நான் பதியறேன்," என்றேன்.

"வேண்டாங்கறேன்ல. பொழுதோட வெயிலு வந்துரும்."

"வெயிலு வருமாம்! வெளிய பாருங்க, மத்தியானமே இருட்டிக் கெடக்குது."

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு வந்து, இங்க கை நீட்டறதா கனி?"

"உங்க வீம்பை மடிச்சுத் தலகாணிக்கு அடியில வெச்சுக்குங்க. எனக்குப் புருசன் வேணும்!"

கத்திவிட்டு, திரை முன்னால் உட்கார்ந்தேன். மெஷினைப் படம் எடுத்து, அவருடைய மருத்துவ எண்ணைச் சொன்னேன். பதிந்துகொண்டது. கூப்பாடு போடவா என்று கேட்டது. போடு, போடு என்று திரையை விரல் வலிக்கக் குத்தினேன்.

வெளியே முதல் மணி அடித்தது. அப்புறம் அடுத்த வண்டியில், அதற்கடுத்த வண்டியில். மேகத்துக்குள் இங்கேயும் அங்கேயுமாக மணி கிளம்பி, மேடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எங்கள் திரையில் 'ஓர் உயிர். தேடுகிறது' என்று எழுத்து ஓடியது. எனக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை வண்டி! யாராவது ஒருவர் கால் மணியில் வயரோடு வந்து நிற்பார். நான் ஊசி, பஞ்சு, குழாய் எல்லாவற்றையும் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த வெளிச்சம் வந்தது.

முதலில் எதிர் வரிசையில் ஒரு வண்டி ஜன்னல் பளிச்சென்றது. அடுத்து அதன் பக்கத்தில். மேகத்துக்குள் மஞ்சளாக, வெள்ளையாக, பச்சையாக ஒவ்வொரு வண்டியாகப் பற்றிக்கொண்டே வந்தது. கூரை விளக்கு, வாசல் விளக்கு, சீரியல் செட்டு. எங்கேயோ பாட்டு அலறியது. கார்த்திகைக்குக்கூட எங்கள் ஊர் அப்படி இருந்ததில்லை.

"மாமா! கரண்ட்டு வந்துருச்சு! லைனு வந்துருச்சு மாமா!" என்று கத்திக்கொண்டே கம்பத்துக்கு ஓடினேன். பிளக்கைச் சொருகினேன். கம்பம் செத்தேதான் கிடந்தது. மாற்றிச் சொருகினேன். அப்படியேதான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஹன்சிகா வண்டிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஏசி ஓடுகிறது, அந்தக் குளிரில்! ஏசிக்கு நேரே ஹீட்டரும் ஓடுகிறது. அடுப்பில் வெறும் சட்டி காய்கிறது. அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். ஒரு கையில் முடி காயவைக்கும் மெஷின், இன்னொரு கையில் மிக்ஸி ஜார்.

"என்னடி பண்ற? கரண்ட்டு வந்துருச்சா?"

"கரண்ட்டாவது ஒண்ணாவது! அக்கா, என்ன நின்னுட்டு இருக்கறீங்க, வெசயாப் போயி உங்க வண்டிலயும் எல்லாத்தையும் போட்டு உடுங்க!" என்றாள், மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே. "மணி அடிச்சது கேக்கலையா? எந்தக் கெரகமோ கூப்பாடு போட்டுருக்குது. கால் மணிக்குள்ள பாதிக்குக் கீழ எறக்கிட்டா நம்மளப் புடிக்காது. அன்னிக்கு வந்தப்பவே சொல்லோணும்னு இருந்தேன், உங்களுக்குத் தெரியாதா இது? நூறுல வெச்சிருக்கறவங்களத்தான் மொதல்ல புடிக்கும். இளிச்சவாயங்கதான் நெறச்சு வெப்பாங்க!"

மேடு முழுக்கப் பார்த்தேன். அத்தனை விளக்கும், அத்தனை பாட்டும். ஈயப் பேட்டரியாக இருந்தால் இப்படிக் கொட்டித் தீர்க்க முடியாது, அரை மணி இழுத்தால் படுத்துவிடும். லித்தியம் நல்ல சாமான் அல்லவா, கேட்டதைக் கேட்ட வேகத்தில் கொடுத்துவிடும். என் புருஷனுக்கு நாலு மணி நேரத்துக்கு வேண்டிய மூச்சை இவர்கள் பட்டப்பகலில் காற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அந்த மலைக்கே தெரிந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அந்தக் கெரகம் நாங்கதானுங்க! கூப்பாடு போட்டது நான்தான்! என்ற புருசன் உள்ள மூச்சு முட்டி உக்காந்திருக்கறாரு. ரத்தஞ் சுத்தம் பண்ணி மூணு நாளாச்சு. அடுப்பை எரிங்க, நல்லா எரிங்க! எரிஞ்சு முடிஞ்சதும் வந்து பொணத்தை எடுத்துப் போட்டுட்டுப் போங்க!"

பாட்டு நின்றது. ஹன்சிகாவின் கையில் இருந்த மெஷின் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது.

"அக்கா... நீங்களா?" என்றாள். "மாமாவுக்கா?"

சட்டென்று உள்ளே ஓடி மெயினை அணைத்தாள். அவள் வண்டி இருண்டது. அப்புறம் எதிர் வண்டி. அப்புறம் கோடியில் ஒன்று. ஒவ்வொன்றாக அணைந்து, மேடு முழுக்கப் பழையபடி சாம்பல் நிறத்துக்கு வந்தது. அந்த இருட்டைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

எதிர் வண்டிக்காரர், ஐம்பது வயசிருக்கும், மங்கி குல்லாவோடு இறங்கி வந்தார். "ஏம்மா, மொதல்லயே ஒரு வார்த்தை வந்து சொல்லப்படாதா? உங்களுக்குன்னு தெரிஞ்சா நாங்க விட்டுருவமா?"

"தெரியாட்டி விட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் குல்லாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வண்டிக்குள் வந்து பார்த்தால் திரையில், 'பாதிக்கு மேல் உள்ள பேட்டரி எதுவும் இல்லை. தேடல் முடிந்தது' என்று இருந்தது. சட்டம் தன் வேலையை முடித்துக்கொண்டது. ஆனால் பாதிக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை என்று ஆகுமா? ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது. குல்லாக்காரர்தான் முதலில் வண்டியைக் கிளப்பி எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து அணைத்தார். ஹன்சிகா வயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்து இன்னொரு வண்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று. பின்னால வா, இடது ஒடி, போதும் போதும், அடுத்த வண்டியை விடுங்க என்று ஒரே கூச்சல். நோம்பிக்குத் தேர் இழுக்கிற கூட்டம் மாதிரி, ஒருத்தர் வண்டியை எடுக்க, இன்னொருத்தர் உள்ளே நுழைந்தார்.

தரணீஷ் தலையைத் தூக்கவில்லை. நான் ஊசியை ஏற்றும்போது, "எல்லாரும் பாக்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாக்கட்டும். பாத்தாத்தான் தெரியுது," என்றேன். ஊசி சரியாக ஏறியது. மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் வெளியே யாரோ விசில் அடித்தார்கள். குழாயில் சிவப்பு ஓடியதைப் பார்த்து ஹன்சிகா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் மிக்ஸியப் போட்டனுங்க அக்கா," என்றாள். "மிக்ஸிய வெறுசாப் போட்டேன்." அதையே நாலைந்து தடவை சொன்னாள். நான் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, போய் டீ போடு என்று அனுப்பினேன்.

மெஷின் முடிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் முகம் வடிந்து பழைய மூக்கு தெரிந்தது. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, "பசிக்குது கனி," என்றார். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. கீழே மரத்தை அறுத்துவிட்டார்கள், ரோடு திறந்தாயிற்று என்றும் சேதி வந்தது. லைன் வர மட்டும் இன்னும் மூன்று நாளாவது ஆகுமாம். இருக்கட்டுமே! ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில் எங்கள் பேட்டரி எண்பதைத் தாண்டி நின்றது. நாளை மறுநாள் மெஷினுக்கு இதுவே போதும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். வெளியே எல்லாரும் எங்கள் வண்டியைச் சுற்றி டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே சிரிப்பு.

மணி அடித்தது.

எங்கள் வண்டியிலும் அடித்தது, மேடு முழுக்க அடித்தது. திரையில்: 'ஓர் உயிர். ஏழு கிலோமீட்டர். தேடுகிறது.'

வெளியே சிரிப்பு நின்றது. மேட்டில் எல்லாப் பேட்டரியும் அடிமட்டத்தில் கிடக்க, எங்களுடையது ஒன்றுதான் நிறைந்திருந்தது. கால் மணி நேரத்தில் எங்களைத்தான் பிடிக்கும். அதற்குள் எண்பதைப் பாதிக்குக் கீழே இறக்கவே முடியாது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் என் கை எப்போது போனது என்று எனக்கே தெரியாது, அடுப்பு ஸ்விட்ச் மேல் இருந்தது. எத்தனை குறைக்க முடியுமோ அத்தனை குறைப்போம், இந்தச் சுற்றில் வேறு யாராவது எங்கேயாவது இருக்க மாட்டார்களா என்று அது தானாகப் போயிருந்தது.

"ஆரு அது?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். "ஆம்பளையா, பொம்பளையா? எந்த ஊரு? சொல்லித் தொலையேன்!"

ஓர் உயிர் என்றுதான் இருந்தது.

தரணீஷைப் பார்த்தேன். குடுக்கற எடத்துல இருந்துக்கறோம் என்று சொன்ன மனுஷன், இப்போது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயமாக இருந்தது. பாவம், எப்படி இல்லாமல் இருக்கும்?

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஹன்சிகா நின்றாள். குல்லாக்காரர் நின்றார். எல்லாரும் இருட்டில் நின்று எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார்கள். நான் அடுப்பைப் போட்டேன் என்று வையுங்கள், அந்த மேட்டில் ஒருத்தரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லவேளை என்று அவரவர் வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள்.

கையை எடுத்தேன். கால் மணி நேரம் ஆகட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். ஹாரனை அமுக்கினேன். கூட்டம் விலகி வழி விட்டது. ஹன்சிகா வயரைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி தொற்றி ஏறினாள்.

"நாளன்னைக்கு நமக்கு?" என்று தரணீஷ் பின்னாலிருந்து கேட்டார்.

"கத்துவேன். எனக்குத் தொண்டை இருக்குது," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.